பதினெட்டுச் செடிக்கும் கருப்புக் கயிறு

திண்டுக்கல்
25.6.2006

அன்பு அக்காவுக்கு,

மதி எழுதுறேன். போன்ல பேசலாம்னா நீ ‘ம்’, ‘சரி’, ‘நல்லாருக்கேன்’ தவிர ஒண்ணுமே பேச மாட்டேங்குற. உங்க வீட்டுப் போன் ஹால்ல இருக்காம், பக்கத்துலயே உங்க மாமனார் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். மாமாகிட்ட இருந்து அம்மா கறந்துருச்சு. அதான் லெட்டர். பிரிச்சுப் படிச்சிட மாட்டாங்கல்ல?

நீ கல்யாணத்துக்கு மொத நாள் மருதாணிக் கையோட நட்டுட்டுப் போனியே பதினெட்டுத் தக்காளிச் செடி, பதினெட்டும் உசுரோட இருக்கு! ஆறு தொட்டியடி, ஆறு பி.கே.எம்., ஆறு பெங்களூர்த் தக்காளி. தண்ணித் தொட்டியச் சுத்தி எடம் இருந்த பக்கமெல்லாம் மாத்தி மாத்தி நட்டு வச்சிருக்க. எது எதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல, அம்புட்டும் ஒரே மாதிரி இருக்கு. நல்ல வேளை தொட்டியடிச் செடிக்கு மட்டும் ஊனு குச்சில கருப்புக் கயிறு கட்டிட்டுப் போன. ஆறு கயிறும் பத்திரமா இருக்கு. பக்கத்து வீட்டு ஒச்சாயி சித்தி தெனம் வந்து எட்டிப் பாத்து, “செடியா இது, வாலிபப் புள்ளைக மாதிரி நிக்குது”ன்னு சொல்லிட்டுப் போகுது.

முக்கியமான விஷயம்! பஸ் ஸ்டாண்டுகிட்ட ப்ரவுசிங் சென்டர்ல தக்காளிக்குன்னே ஒரு குரூப் கண்டுபிடிச்சிருக்கேன். உலகம் பூராவும் இருந்து ஆளுங்க. தக்காளியத் தவிர வேற பேசவே மாட்டாங்க. பேரா கேக்குற? அங்க நான் ‘தக்காளிமதி’. நம்ம தொட்டியடித் தக்காளியப் பத்தி எழுதுனேன். தண்ணித் தொட்டி ஓரமா தானா மொளச்சதுன்னும், நீதான் நாலு வருசமா நல்ல பழமாப் பாத்து விதை எடுத்து நட்டு வாரன்னும் சொன்னேன். போட்டோ கேட்டாங்க. போட்டோவுக்கு எங்க போக? படம் வரைஞ்சு ஸ்கேன் பண்ணிப் போட்டேன். ஒருத்தன் பூசணியான்னு கேட்டான்.

மதி

தொப்பம்பட்டி
8.7.2006

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாரும் பிரிக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம்.

ஒரு காரியம் நடந்துவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது, காட்டில் (இங்கே தோட்டத்துக்குக் காடு என்றுதான் பேர்) பறித்த தக்காளி மூன்றே நாளில் குழைந்துவிட்டது என்று மாமனார் புலம்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு தக்காளி இருக்கிறது, பழுத்த பிறகு பன்னிரண்டு நாள் வைத்தாலும் தோல் சுருங்காது என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பந்தியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கல்யாணமாகி வந்து நான் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாமனார் சிரித்தார். “ஏனம்மிணி, டவுன்ல பொறக்கடையில வளத்தது காட்டுக்கு வருமா?”

வரும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

“செரி. கெணத்தோரம் பத்து சென்ட் சும்மா கெடக்குது. கார்த்திகைக்கு நட்டுப் பாரு. ஆனா அத்தனை செடியும் ஒரே அச்சாக் காய்க்கோணும். கலந்து கலந்து வந்துதுன்னா அதோட விட்ரோணும். அப்பறம் வெவசாயத்தப் பத்தி நீ பேசக் கூடாது” என்றார். இவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மதி, இந்த வீட்டில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் அடுத்தவர் சொல்லிச் செய்கிற வேலை. இந்தப் பத்து சென்ட் மட்டும்தான் நான் கேட்டு வாங்கியது. அதனால் கவனமாகக் கேள். கருப்புக் கயிறு கட்டிய ஆறு செடியில் மட்டும் நன்றாகப் பழுக்கவிட்டு விதை எடு. அம்மா செங்காயிலேயே பறித்துவிடும், விடாதே. மற்ற பன்னிரண்டையும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவுச்செல்வி

திண்டுக்கல்
6.8.2006

அன்பு அக்கா,

பத்து சென்ட்டா! கலக்கிட்ட போ! குரூப்ல எழுதிட்டேன், இத்தாலிக்காரர் ஒருத்தரு வாழ்த்துச் சொல்லிருக்காரு. எங்கக்கா விவசாயின்னு போட்டிருக்கேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத.

தக்காளியப் பத்தி நான் படிச்சது கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு ஜாதி குட்டையா வளந்து ஒரு அளவுல நின்னு மொத்தமாக் காய்ச்சு ஓஞ்சு போயிருமாம். இன்னொரு ஜாதி நிக்கவே நிக்காதாம், கட்டிவிடக் கட்டிவிடப் போய்க்கிட்டே இருக்குமாம். சிலதுக்கு எலை உருளைக்கெழங்கு எலை மாதிரி ஓரம் வெட்டு இல்லாம இருக்குமாம். பழத்தோட தோள்பட்டை பச்சையா இருந்தா ஒரு ரகம், மொத்தமும் ஒரே நெறமா பழுத்தா வேற ரகமாம். காம்புல முட்டி இருக்கா இல்லையான்னுகூடப் பாக்கணுமாம்! தக்காளிக் காம்ப என்னைக்காவது உத்துப் பாத்திருக்கியா நீ?

சும்மா ஒரு சந்தேகம். நம்ம தொட்டியடிக்கு எலை எப்படி இருக்கும்? தோள்பட்டை பச்சையா? செடி எம்புட்டு ஒசரம் போகும்? பொது அறிவுக்குத்தான் கேக்குறேன். குரூப்ல கேட்டாங்க.

அம்மா நல்லாருக்கு. அப்பாவுக்கு முட்டி வலி கொறஞ்சிருக்கு. இங்க நல்ல வெயிலு. உங்க பக்கம் காத்து எப்படி? பழனி மலை உங்க வீட்டு மொட்டை மாடில இருந்து தெரியுமா? மாமாவ கேட்டதாச் சொல்லு.

மதி

தொப்பம்பட்டி
14.8.2006

மதி,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். பழனி மலை வரைக்கும் விசாரித்திருக்கிறாய். கயிறு என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

என்ன நடந்தது?

அறிவு

திண்டுக்கல்
20.8.2006

அக்கா,

திட்டு. ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டு.

ஜூலைல கம்ப்யூட்டர் பரிச்சைக்கு மதுரைக்கு நாலு நாள் போனேன்ல. திரும்பி வந்து பாத்தா பதினெட்டுக் குச்சிலயும் கருப்புக் கயிறு. எனக்குக் கண்ணக் கட்டிருச்சு. ஒச்சாயி சித்திதான். போய்க் கேட்டேன்.

“ஏம் புள்ள, பதினெட்டப் பெத்துப்புட்டு ஆறுக்கு மட்டும் அருணாக்கயிறு கட்டுவாகளா? மத்ததுக எல்லாம் மாத்தாந்தாய் மக்களா? ஊர்க் கண்ணு பூராம் அந்தப் பன்னெண்டு மேலதான விழும்?”

“சித்தி, அது திருஷ்டிக் கயிறு இல்ல, அடையாளம்!”

“அடையாளத்துக்கு எவளாச்சும் கருப்புக் கயிறு கட்டுவாளா? உங்கக்கா படிச்ச புள்ள, அவளுக்குத் தெரியாதா? வேப்பெண்ணெய் தடவி கட்டிருக்கேன், பூச்சியும் அண்டாது, போ.”

முடிச்சப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு உக்காந்தேன். உன் கயிறு லேசா வெளுத்திருந்துச்சுன்னு அதையும் அவுத்துட்டு எல்லாத்துக்கும் புதுசாக் கட்டி விட்டிருக்கு அந்தப் புண்ணியவதி. அம்மா பாத்துக்கிட்டேதான் இருந்துச்சாம். நீதான் லெட்டர்ல சொல்லிவிட்டன்னு நெனச்சுச்சாம்.

இது நடந்து ஒரு மாசம் ஆச்சு. காய் வந்தாத் தெரிஞ்சிரும், உன்கிட்ட சொல்ல வேண்டிய தேவையே வராதுன்னு இருந்துட்டேன். பெங்களூர்த் தக்காளி ஆறும் தெரிஞ்சிருச்சு, முட்டை மாதிரி நீளமாக் காய்க்குது, தோள்ல பச்சையே இல்ல. ஆனா மிச்சப் பன்னெண்டும் தட்டையா உருண்டையா, பச்சைத் தோளோட, ஒண்ணுக்கொண்ணு ரெட்டைப் புள்ளைக மாதிரி இருக்கு. பி.கே.எம். எது, தொட்டியடி எதுன்னு எனக்குத் தெரியல அக்கா.

மதி

தொப்பம்பட்டி
28.8.2006

மதி,

ஒச்சாயி சித்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அன்பாகச் செய்தது. நீ ஒரு மாதம் சும்மா இருந்தாய். அந்த ஒரு மாதமும் நான் இங்கே தினமும் கிணற்றடிக்குப் போய்ப் பத்து சென்ட்டையும் கொத்திக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை எருக் கூடையைத் தூக்கி வந்து கொட்டிவிட்டுப் போனார்கள், நான் கேட்காமலேயே.

விதை அனுப்ப வேண்டாம். குரூப்பில் கேட்டு எனக்கு எதுவும் எழுதவும் வேண்டாம். மாமனாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்கிறேன்.

அறிவுச்செல்வி

திண்டுக்கல்
17.9.2006

அக்கா,

நீ எழுத வேண்டாம்னு சொன்ன. இது எழுதுறது இல்ல, ஒட்டுறது.

பன்னெண்டு செடிக்கும் ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்டு, செடிக்கு ஒரு எலை எடுத்து நோட்டுக்குள்ள வச்சு, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சு அமுக்கி, பேப்பர்ல ஒட்டி அனுப்பிருக்கேன். இன்லாண்டு லெட்டருக்குள்ள எதையும் வைக்கக் கூடாதுன்னு போஸ்ட் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க, அதான் பெரிய கவர். பாத்தா உனக்குத் தெரியும். நாலு வருசம் பாத்த கண்ணு.

அம்மாவ இந்தப் பன்னெண்டு பக்கம் வர விடுறதில்ல. “வெஞ்சனத்துக்கு ரெண்டு பழம் பறிக்க உன்கிட்ட மனு எழுதிப் போடணுமாடி?”ன்னு கத்துது. கத்தட்டும். அணிலுக்குப் பழைய கொசு வலை சுத்திருக்கேன்.

குரூப்ல கேட்டேன். நீ கேக்க வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடியே கேட்டது, சத்தியமா. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அந்த இத்தாலிக்காரரு மட்டும், ‘செடியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியலன்னா, அதச் சாப்பிட்ட ஆளக் கேளு’ன்னு போட்டாரு.

நான் சாப்பிட்ருக்கேன். ஆனா நான் எதையும் பாத்துச் சாப்பிடுற ஆளு இல்லன்னு உனக்கே தெரியும். நீ பாப்ப.

மதி

தொப்பம்பட்டி
26.9.2006

மதி,

இலைகள் எல்லாம் கருத்து நொறுங்கி வந்தன. ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் கலந்து பொடியாகிவிட்டன. அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று இங்கே ரசம் வைத்தேன், ஒரு விஷயம் ஞாபகம் வந்தது, அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் வீட்டில் நான் ரசத்தில் தக்காளித் தோலை எடுத்துத் தட்டு ஓரத்தில் ஒட்டி வைப்பேன், அம்மா திட்டும், நினைவிருக்கிறதா? நேற்று இங்கேயும் ஒட்டி வைத்தேன். பார்த்தால் தோல் மஞ்சளாக இருக்கிறது. நம் தொட்டியடித் தக்காளியின் தோல் அப்படி இருக்காது. நிறமே இருக்காது, டிரேசிங் பேப்பர் மாதிரி. தட்டின் பளபளப்பு அதன் வழியே தெரியும். பழமும் ரத்தச் சிவப்பு இல்லை, கொஞ்சம் ரோஸ் கலந்தது. செங்காயில் பறித்துப் பறித்து அந்த நிறத்தை நாம் கவனித்ததே இல்லை.

செடியிலேயே முழுதாகப் பழுத்த பழமாக நம்பருக்கு ஒன்று எடு. வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

அறிவு

திண்டுக்கல்
5.10.2006

அக்காஆஆ!

பன்னெண்டு கிண்ணம், பன்னெண்டு பழம், பன்னெண்டு தோலு. சன்னல் கண்ணாடில வரிசையா ஒட்டி வச்சேன். சிலது மஞ்சக் காகிதம், சிலது வெறும் கண்ணாடி. நீ சொன்னது அச்சு அசலா! நான் போட்ட சத்தத்துல ஒச்சாயி சித்தி என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருச்சு. விஷயத்தச் சொன்னதும், “தோல உரிச்சு ஜாதி பாக்குறது தக்காளிக்கு மட்டும் வச்சுக்க”ன்னு சொல்லிட்டு உரிச்ச பழம் ரெண்டத் தின்னுட்டுப் போயிருச்சு.

இப்ப நான் சொல்றத நிதானமாப் படி.

நெறமில்லாத தோலு ஆறு செடில இருக்கணும். அஞ்சுலதான் இருக்கு. மஞ்சத்தோலு ஏழு. மூணு தடவை வேற வேற பழம் எடுத்து உரிச்சுப் பாத்துட்டேன். அஞ்சுதான்.

ஏன்னு தேடுனேன். தக்காளிப் பூவுல நடுவுல ஒரு ஊசி மாதிரி இருக்கும்ல, அது பெரும்பாலும் பூவுக்குள்ளயே அடங்கி இருக்குமாம், அதனால வேற செடி மகரந்தம் சேராதாம். நம்ம அஞ்சு செடிலயும் அந்த ஊசி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. தேனீ பக்கத்துச் செடில உக்காந்துட்டு வந்து இதுல உக்காந்தா அம்புட்டுத்தான். அப்படிக் கலந்து பொறந்த செடிக்குத் தோலு மஞ்சளாத்தான் வருமாம். போன வருசமும் நீ பி.கே.எம். பக்கத்துலதான நட்ட? அப்பவே ஒரு விதை கலந்துருச்சு அக்கா. அதுதான் அந்த ஆறாவது.

புரியுதா? கயிறு ஒழுங்கா இருந்திருந்தா அந்த ஆறாவதையும் நம்பி விதை எடுத்து அனுப்பிருப்பேன். நீ அத உங்க மாமனார் முன்னாடி நட்டிருப்ப. ஒச்சாயி சித்தி கெடுக்கலன்னா நாம உரிச்சுப் பாத்திருக்கவே மாட்டோம்.

இன்னொண்ணும் இருக்கு, அதையும் இந்தத் தடவை மறைக்காமச் சொல்லிடுறேன். சரியான இந்த அஞ்சு செடி விதையும் நம்ப முடியாது. இந்த வருசமும் பி.கே.எம். பக்கத்துலதான நின்னுச்சு. எத்தனை விதை கலந்திருக்கும்னு மொளச்சுக் காய்ச்சாத்தான் தெரியும். பத்து சென்ட்டுக்கு விதை தாரேன்னு என்னால சொல்ல முடியாது.

ஆனா, எலைக்கும் தண்டுக்கும் நடுவுல கக்கத்துல ஒரு சின்னக் கிளை வரும்ல, நாம கிள்ளிப் போடுவோமே, அதத் தண்ணில வச்சா ஒரு வாரத்துல வேர் விடுது! அது புதுச் செடி இல்ல, அதே செடி. கலப்புக்கு எடமே இல்ல. இப்ப நம்ம வீட்டுல டம்ளர் ஒண்ணுகூட மிச்சமில்ல, அப்பா சொம்புல காப்பி குடிக்குது. நாப்பத்திரெண்டு கிளை வச்சிருக்கேன்.

தலை தீபாவளிக்கு வருவல்ல? கோபத்தோடயே வா, பரவால்ல.

மதி

தொப்பம்பட்டி
12.10.2006

மதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு இவரிடம் கொடுத்தேன். இவர் படித்துவிட்டு, “அப்பாகிட்ட நாஞ் சொல்லட்டுங்களா?” என்றார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

மாமனார் மோட்டார் ரூம் பக்கம் நின்றிருந்தார். போய் நின்றேன். எங்கள் தக்காளி கலந்து போயிருக்கிறது, விதையை நம்பி நட முடியாது, பத்து சென்ட்டுக்கு என்னிடம் செடி இல்லை, உறுதியாகச் சொல்லக்கூடியது நாற்பது செடிதான், அன்று எல்லோர் முன்னாலும் தெரியாமல் பேசிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாய்க்காலில் அடைத்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டார்.

“கலந்திருக்குதுன்னு எப்பிடித் தெரிஞ்சுது?”

தோல் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து அத்தையிடம் வெந்நீர் கேட்டார். தானே உரித்தார். தோலை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “முப்பது வருசமாத் தக்காளி போடறேன். தோல ஒரு நாளும் பாத்ததில்ல” என்றார்.

பிறகு, “பத்து சென்ட்டுல நானு சோளம் போட்டுக்கறேன். கெணத்தோரமா உனக்கு ஒரே ஒரு சால். அதுல உன்ற நாப்பது செடிய நட்டுக்க. காய்க்கறதப் பாத்துட்டு மத்தது பேசிக்கலாம்.”

பத்து சென்ட் ஒரு வரிசையாகிவிட்டது. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. அத்தனையும் கல் பொறுக்கிய நிலம்.

தீபாவளிக்கு வருகிறோம். அப்பாவுக்கு ஒரு டம்ளரையாவது திருப்பிக் கொடு.

அறிவு

திண்டுக்கல்
1.11.2006

அக்கா,

எப்பப் பாத்தாலும் நாந்தான் பக்கம் பக்கமா எழுதுறேன், அதனால இது சின்னது.

நீங்க பஸ் ஏறுனதுல இருந்து எனக்கு அந்தத் தூக்குவாளி நெனப்பாவே இருக்கு. சீர்ப் பலகாரம் வைக்க வேண்டியதுல ஈரச் சாக்கச் சுத்திச் செடிய வச்சுக் குடுத்துட்டு, முறுக்க மஞ்சப் பையில போட்டதுக்கு அம்மா இன்னும் என்னைத் திட்டுது. மாமா பஸ்ல மடியில வச்சுக்கிட்டே வந்தாரா?

நட்டாச்சா? எத்தன பொழச்சுச்சு? வெயில் படாம மொதல்ல மூடி வச்சியா? குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க. அவங்க கேக்கலன்னாலும் நான் கேக்குறேன்.

மதி

தொப்பம்பட்டி
14.11.2006

அன்புள்ள மதிக்கு,

நாற்பத்திரண்டில் மூன்று பஸ்ஸிலேயே ஒடிந்துவிட்டன. நட்ட பிறகு எட்டு போயிற்று. முப்பத்தொன்று நிற்கின்றன. தென்னை ஓலையை வெட்டி ஒவ்வொன்றுக்கும் நிழல் வைத்தோம். ஓலை வெட்டியது இவர். தூக்குவாளியை மடியில் வைத்து வந்தவரும் இவர்தான், ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் பால்காரரா என்று கேட்டாராம்.

மாமனார் முதல் வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. நேற்றுக் காலையில் தண்ணீர் கட்ட வந்தவர் சால் முனையில் நின்றார். ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தார். முதல் பூ விட்டிருந்த ஒன்றை விரலால் நிமிர்த்தி, நீ சொன்ன ஊசி வெளியே நீட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“எல்லாம் ஒரே அச்சாத்தான் இருக்குது” என்றார். பிறகு, “என்ற தக்காளிய இதும் பக்கத்துல வெக்க மாட்டேன், பயப்படாத. அத வடக்கால காட்டுக்கு மாத்திக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் சோளம் போட வைத்திருந்த பத்து சென்ட்டைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் அதை உழவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தார்கள். கையில் கருப்புக் கயிறு. செடி நன்றாக வந்திருக்கிறது, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்ற ஒரு செடியின் ஓலையில் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்கள். ஒச்சாயி சித்தியின் கதை இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“ஏங்கண்ணு, ஒண்ணோட நிறுத்திக்கட்டுமா?”

“இல்லைங்கத்தை” என்றேன். “எல்லாத்துக்கும் கட்டுங்க. எல்லாம் ஒரே செடிதானுங்க.”

கயிறு போதவில்லை. மிச்சத்துக்கு என் பழைய ரிப்பனைக் கிழித்துக் கட்டினோம்.

அறிவு